யாழ் தேடியவரின் அளவுகோல்

உழவன் தன் உழைப்பின் பயனைக் களத்து மேட்டிலே காண்கிறான். வணிகனுக்கு ஆண்டு முடிவில் ஐந்தொகை உண்டு. மாணவனுக்குப் பரீட்சைப் பெறுபேறு உண்டு. இசைவாணன் ஒருவன் தான் வளர்ந்தானா, நின்ற இடத்திலேயே நிற்கின்றானா என்பதை எதனைக் கொண்டு அறிவான்? குருகுலத்தில் வாழ்பவனுக்கு ஆசானின் தலையசைப்பே அளவாகும். பெருநகரத்துச் சபைகளிலே பாடுகிறவனுக்கு அடுத்த அழைப்பு அளவாகும். குருபரம்பரையின் நிழலும் சபையின் ஆதரவும் இன்றித் தனித்து இசை பயில்பவனுக்கோ இவ்விரண்டும் கிட்டுவதில்லை. கைதட்டலை எண்ணிப் பார்க்கிறான். அது ஒருநாள் மிகுகிறது, மறுநாள் குறைகிறது. மனம் அதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் இருந்து இதனை எழுதுகிறேன். எங்கள் பகுதியில் இசை கற்போர் பெரும்பாலும் இத்தகையோரே. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு அமர்வார்கள். கோயில் விழாக்களிலே பாடுவார்கள். அதன் பின் எத்திசையிற் செல்வது என்று அறியாது தயங்கி நிற்பார்கள். எதை இலக்காக வைப்பது, அதை நோக்கி எவ்வளவு நடந்தோம் என்று எப்படி அளப்பது என அவர்கள் என்னிடம் வினவும்போதெல்லாம், மேடையிலே கச்சேரி செய்து புகழீட்டாத ஒருவரின் வாழ்வே என் நினைவுக்கு வருகிறது. அவர் யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள். எங்கள் நகரத்துப் பள்ளியிலே பணியாற்றி, எங்கள் தெருக்களிலே நடந்தவர் அவர். முத்தமிழ் வித்தகர் என்று அவரைப் போற்றுகிறோம், விழா எடுக்கிறோம். அவர் தம் உழைப்பை எவ்வாறு அளந்துகொண்டார் என்பதை மட்டும் நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

கண்ணகி ஊர்ச் சிறுவன்

மட்டக்களப்புக்குத் தெற்கே, இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். காரைதீவு கண்ணகி அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற ஊர். வைகாசித் திங்களிலே அங்குச் சடங்கு நிகழும்; கண்ணகியின் வழக்குரை கதை பாடப்படும். ஏட்டிலே சிலப்பதிகாரத்தைக் காணுமுன்னரே அதன் கதையைப் பாட்டாகச் செவியிற் கேட்டு வளர்வது அவ்வூர்ப் பிள்ளைகளின் பேறு. சிலப்பதிகாரத்தை உரையோடு உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளிப்படுத்தியதும் அந்த 1892ஆம் ஆண்டிலேதான். அந்நூலின் இசைப்பகுதிக்குப் பொருள் காணப்போகும் பிள்ளையும் அந்நூலின் அச்சுப் பதிப்பும் ஒரே ஆண்டில் உலகுக்கு வந்தமை எண்ணி மகிழத்தக்கது.

அவரது கல்வி இருவேறு வாய்க்கால்களாய் ஓடிற்று. ஒன்று ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும். கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மைக்கல் கல்லூரியிலும் பயின்றார். கொழும்பு ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றார். 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞானப் பட்டயத்தைப் பெற்றார். மற்றையது தமிழ். அதே 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் வெற்றி பெற்றார். இலங்கையரில் அத்தேர்வை முதலில் முடித்தவர் அவரே என்பர். ஒரே ஆண்டில் ஒரு கையில் விஞ்ஞானப் பட்டயமும் மறுகையில் பண்டிதப் பட்டமும் பெற்றவர் அக்காலத்தில் வேறெவர் இருந்தனர்? பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தபடியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் வெளிவாரியாகப் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். இசைமரபுக் குடும்பத்திலே பிறந்து, தந்தை மடியிலிருந்தே தாளம் கற்றவர்களில் அவர் ஒருவர் அல்லர். இசையுலகுக்கு வெளியிலிருந்து வந்தவர். ஆயினும் அவர் கையிலே பௌதிகம் என்னும் அளவுகோல் இருந்தது. நரம்பின் நீளத்துக்கும் ஒலியின் உயர்வுக்கும் உள்ள தொடர்பை வகுப்பறையிலே எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கக்கூடிய ஆசிரியர் அவர். பிறர் குறையென்று கருதக்கூடிய இந்த வேறுபாடே பின்னர் அவருக்குப் பெரும் வலிமையாயிற்று.

துறவியும் பள்ளிக்கூடமும்

1922இல் அதிபர் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் சிவாநந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தர் என்னும் பெயர் பூண்டார். மறுயாண்டு இலங்கைக்கு மீண்டவர், இராமகிருஷ்ண சங்கத்தின் பள்ளிகளைக் கட்டியெழுப்பும் பொறுப்பை ஏற்றார். 1925இல் திருகோணமலை இந்துக் கல்லூரி சங்கத்தின் பொறுப்பில் வந்தது. அதன் முகாமையாளராகவும், சிறிது காலம் அதிபராகவும் அடிகள் எங்கள் நகரிலே பணிபுரிந்தார். 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார்.

திருகோணமலையில் இருந்தவர்க்குத் திருஞானசம்பந்தர் கோணேசர்மீது பாடிய பதிகம் புதிதாக இராது. அது புறநீர்மை என்னும் பண்ணில் அமைந்தது. ஓதுவார்கள் இன்று அப்பண்ணைப் பூபாள இராகத்திலே பாடுகின்றனர். இவ்வாறு ஒரு பழைய பெயரும் ஒரு புதிய பெயரும் அருகருகே நிற்கும்போது, சிந்திப்பவர் மனத்தில் வினாக்கள் எழாமற் போகா. அன்று புறநீர்மை எவ்வாறு ஒலித்தது? பண்கள் 103 என்று வழங்குகின்றனரே, அவற்றின் உருவம் யாது? அவற்றை இசைத்த யாழ் எங்கே மறைந்தது? இவ்வினாக்கள் தமிழறிந்தார் பலருக்கும் தோன்றியவைதாம். பெரும்பாலோர் பெருமூச்சு விட்டு நிறுத்தினர். அடிகள் அவற்றை இலக்காக மாற்றினார்.

ஏக்கம் இலக்காக மாறிய விதம்

இசைத் தமிழை மீட்க வேண்டும் என்பது ஓர் ஏக்கம். அதை எவராலும் அளக்க இயலாது. ஆதலின் அது முடிவதும் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும் அதன் பழைய உரைகளிலும் யாழாசிரியனைப் பற்றிக் கூறப்படும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் காண்பது ஓர் இலக்கு. அதற்கு எல்லை உண்டு. இத்தனை சொற்கள் விளங்கின, இத்தனை விளங்கவில்லை என்று இரவிலே கணக்கெழுதலாம். அடிகள் இவ்வாறே எல்லையுள்ள ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு வேலையைத் தொடங்கினார். முன்னதாக, நாடகத் தமிழுக்கு 1926இல் அவர் வெளியிட்ட மதங்கசூளாமணியிலும் இதே முறையைக் காண்கிறோம். நாடகக் கலை முழுவதையும் ஒரே நூலில் அடக்க முற்படாமல், செகப்பிரியரின் பன்னிரு நாடகங்களை எடுத்து ஆராய்ந்தார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்று 1933 வரை சிதம்பரத்தில் இருந்தார். இசைக்கல்லூரியும் தமிழ்ப் புலவர்களும் தில்லைக் கோயிலின் ஓதுவார்களும் ஒருங்கே வாய்த்த இடம் அது. யாழாராய்ச்சி அங்குதான் வேரூன்றிற்று. யாழ்நூல் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயன் என்று கூறும் வழக்கம் அக்காலத்திலிருந்து எண்ணியதே.

அவ்வுழைப்பின் படிகளை நூலின் ஏழு இயல்களே காட்டுகின்றன: பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். முதலில் கருவியின் உறுப்பு, அடுத்து நரம்பின் ஒலி, அதன்பின் அவ்வொலிகள் மாறிப் பிறப்பிக்கும் பாலைகள், அவற்றிலிருந்து பண், பண்ணிலிருந்து தேவாரம். ஒரு படி உறுதியாகாமல் மறுபடியிற் கால் வைக்க இயலாத அமைப்பு இது. தேவாரப் பண்ணில் ஐயம் தோன்றினால், பாலையைத் திரும்பிப் பார்க்கலாம். பாலையில் ஐயமெனின் நரம்பின் கணக்கைத் திரும்பிப் பார்க்கலாம். எங்கே தவறினோம் என்பதை அறியும் வழி படிக்கட்டிலேயே பொதிந்துள்ளது.

எண்ணின் இடம்

அவர் கணக்கின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பழந்தமிழர் ஏழு நரம்புகளுக்கு இட்ட பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. இவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகு வகுத்தனர். கூட்டினால் 22 ஆகும். இனி, துத்தத்துக்கு 4 அலகு என்றால், அது துத்தத்துக்கு முன்னுள்ள இடைவெளியா, பின்னுள்ள இடைவெளியா? முன்னுள்ளது என்று கொண்டால் இன்றைய அரிகாம்போதியின் சுர வரிசை கிடைக்கிறது. பின்னுள்ளது என்று கொண்டால் கல்யாணியின் வரிசை வந்து நிற்கிறது. எண்கள் மாறவில்லை, அவற்றை வைக்கும் இடம் மாறினமையால் இராகமே மாறிவிட்டது! அடிகள் செம்பாலையை அரிகாம்போதியாகக் கண்டார்.

அவருக்கு முன்னரே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் இத்துறையிற் பேருழைப்புச் செய்திருந்தார். மருத்துவத் தொழிலால் ஈட்டிய பொருளை இசைக்குச் செலவிட்டு, 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட பெருமகனார் அவர். பண்டிதர் ஓர் இயக்கினை 24 சமபாகங்களாகப் பகுத்தார்; செம்பாலையைச் சங்கராபரணம் என்றார். அடிகள் 22 அலகிலே நின்று வேறு முடிபு கண்டார். யாவர் கூற்றுச் சரி என்னும் வழக்கு அறிஞரிடையே முழுதும் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் இருவரும் தத்தம் முடிபை எண்ணாக வைத்துச் சென்றமையால், பின்வந்தோர் அதை எடுத்து நிறுத்துப் பார்க்க முடிகிறது. இனிமையாக இருந்தது, பழமையாகத் தோன்றியது என்று மட்டும் அவர்கள் எழுதியிருப்பின், வழக்கிடுவதற்குக்கூட நமக்கு ஒன்றும் எஞ்சியிராது.

கருவி பற்றியும் அவ்வாறே. யாழ் என்பது இன்றைய வீணை போன்றதன்று. நரம்பை அழுத்திச் சுரத்தை மாற்றும் மெட்டுகள் அதற்கு இல்லை. ஒரு நரம்புக்கு ஓர் ஒலி. ஆதலாற் பல நரம்புகள் வேண்டும். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைமரபு கூறுகிறது. திருஞானசம்பந்தரின் பதிகம் ஒன்று யாழில் அடங்காமற் போனதும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் கருவியையே முறிக்க முற்பட்டதும், சம்பந்தர் தடுத்ததும் நாம் அறிந்த வரலாறு. கருவியின் எல்லையைத் தன் குறையாகக் கொண்டு நொந்த கலைஞனின் துயரம் அது. ஒலியை அசைத்து வளைத்துப் பாடும் முறை ஓங்க ஓங்க, யாழ் பின்னடைந்தது, வீணை முன்வந்தது. இந்த எல்லையை அடிகள் நன்கு உணர்ந்தவர். எனினும் வில்யாழ் முதலாக யாழ் வகைகளின் வடிவை நூற்சான்று கொண்டும் சிற்பச்சான்று கொண்டும் வரைந்து, நரம்புகளின் அளவைக் கணித்து, கருவியாகவே செய்வித்தார். ஏட்டிலே சரியென்று தோன்றுவது மரத்திலும் நரம்பிலும் சரியாகிறதா என்று பார்க்காமல் அவர் மனம் அமையவில்லை.

இடையிட்ட ஆண்டுகள்

பதினான்கு ஆண்டுகளும் யாழுக்கே செலவாயின என்று எண்ணுவது பிழையாகும். 1933இற்குப் பின் பள்ளிகளின் பொறுப்பு மீண்டும் அவரை அழைத்தது. 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியை நடத்தினார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் இருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராக விளங்கினார். தமிழ்ப் பாட்டின் ஒலியே கேளாத தொலைவு அது. 1943இல், அதற்கு முன்னாண்டு தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலமும் அவ்வப்போது அவரைக் கைவிட்டது.

நாட்களை எண்ணுபவனாயின் இத்தகைய வாழ்விலே அவன் தோல்வி என்றே எழுதிவிடுவான். இந்த ஆண்டு யாழுக்கு எத்தனை நாள் கிடைத்தன என்ற கேள்வி மனத்தைச் சோர்வடையச் செய்யும். அடிகளின் இலக்கோ படிகளால் ஆனது. ஏறிய படி ஏறியதுதான். இடையில் ஓராண்டு நின்றாலும் மேலேறிய படி கீழிறங்கிவிடாது. ஆராய்ச்சியின் பகுதிகளை முழுநூல் முடியும்வரை பூட்டி வைக்காமல், கட்டுரையாகவும் சொற்பொழிவாகவும் அறிஞர் முன் வைத்தார். அதனால் அவருக்கு இரு பயன்கள் விளைந்தன. தமக்குத் தாமே நீதிபதியாகும் ஆபத்து நீங்கிற்று. வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் தெளிவாயிற்று. தனித்து உழைப்பவன் பிறரை நாடவே கூடாது என்பதில்லை. யாரிடம் எதனைக் காட்டுவது என்று அவனே தெரிந்தெடுக்க வேண்டும், அவ்வளவே.

திருக்கொள்ளம்பூதூர்

நூல் முடிந்தது. தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாட்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. வெள்ளம் பெருகிய ஆற்றிலே ஓடக்காரன் இன்றி, சம்பந்தரின் பாட்டே துணையாக ஓடம் கரைசேர்ந்ததாகப் போற்றப்படும் தலம் அது. செய்வித்த யாழ்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. அடிகளின் கணக்குக்கு இசைந்து அவை அவையோர் முன் ஒலித்தன. பல நூற்றாண்டுகளாக ஏட்டிலே பெயராக மட்டும் கிடந்த கருவியைத் தமிழ்மக்கள் கண்ணாற் கண்டு காதாற் கேட்டனர். உடல் தளர்ந்திருந்த அடிகளும் அதைக் கண்டார்.

ஆறு வாரங்கள் கடந்தன. ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே அடிகள் இறைவனடி சேர்ந்தார். வயது 55. அவர் உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய சிவாநந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டது. இலக்கை எட்டியபின் அவருக்கு எஞ்சிய காலம் அத்துணைக் குறுகியது. இன்னும் ஓராண்டு ஆராய்ந்து, இன்னும் சில ஐயங்களைத் தீர்த்து, பின்னர் வெளியிடலாம் என்று அவர் எண்ணியிருந்தால் அரங்கேற்றத்தை அவர் கண்டிருக்க மாட்டார். முழுமை என்னும் பெயராற் பணியை முடிக்காமல் இழுத்துச் செல்லும் நோய் கலைஞர் பலருக்கு உண்டு. எந்த இடத்தில் நிறுத்திப் பிறர் கையில் ஒப்படைப்பது என்று தெளிவதும் இலக்கு வகுப்பதன் ஒரு கூறேயாகும்.

வென்றாரா?

என் மாணவர் ஒருவர் ஒருமுறை கடுமையான வினா ஒன்றைத் தொடுத்தார். யாழ் கச்சேரி மேடைக்குத் திரும்பி வரவில்லையே; அவ்வளவு உழைப்பும் வீண்தானே என்றார். வினாவில் நேர்மை உண்டு. யாழ் வீணையின் இடத்தை மீளப் பெறவில்லை என்பது மெய். அண்மை ஆண்டுகளிலே தமிழ்நாட்டில் இளைஞர் சிலர் யாழைப் புதிதாகச் செய்து மீட்டத் தொடங்கியுள்ளனர். எனினும் அது பரவலான கருவியாகிவிடவில்லை. மேடையை அளவுகோலாகக் கொண்டால் அடிகள் தோற்றவரே.

ஆனால் மேடையைப் பிடிப்பது அவர் வகுத்த இலக்கு அன்று. பழந்தமிழ் நூல்கள் கூறும் யாழ் யாது, அதன் நரம்புகள் எவ்வளவு, அவற்றிற் பிறந்த பண்கள் எவை என்று சோதித்தறியத்தக்க விடை தருவதே அவர் இலக்கு. அதை அவர் தந்தார். அவ்விடையை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் அந்நூலைத் திறந்து வைத்துக்கொண்டே பேசவேண்டியுள்ளது. மட்டக்களப்பில் 1982இல் அவர் பெயரால் எழுந்த இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்துள்ளது. கிழக்கு மாகாணத்து இசை மாணவர் பலர் அதன் வாயிலிலே நுழைகின்றனர். வேறொருவன் இலக்கை எடுத்துவந்து நம் உழைப்பை அளந்தால், எந்த வாழ்வும் குறைவாகவே தோன்றும். நாம் வகுத்த இலக்கால் நம்மை அளக்க வேண்டுமாயின், முதலில் அதைத் தெளிவாக வகுத்திருக்க வேண்டும்.

இதனால் இப்பொழுதெல்லாம் என்னிடம் வருவோரை நான் ஒரு சிறு வேலையிலே தொடங்கச் சொல்கிறேன். பலகை ஒன்றிலே 36 அங்குல நீளத்துக்குக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்ட வேண்டும். அதனை மீட்டி அதுவே குரல் என்று கொள்ள வேண்டும். 27ஆம் அங்குலத்தில் தடுத்தால் உழை ஒலிக்கும், 24இல் இளி, 18இல் மேற்குரல். இன்று இளியைக் கண்ணை மூடிப் பாடிவிட்டு, உடனே கம்பியோடு ஒப்பிட வேண்டும். எவ்வளவு விலகினோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு திங்கள் கழித்து முதற் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கேட்க ஒருவரும் இல்லாத அறையிலும் கம்பி பொய் சொல்லாது, புகழ்ந்தும் பேசாது. அந்தக் குறிப்பேட்டின் முதற் பக்கத்திலே, இந்த ஆண்டுக்குள் முடிக்கத்தக்க ஒரே ஒரு செயலை எழுதி வைக்கும்படியும் சொல்கிறேன். ஒரு பண்ணாயினும் போதும். அப்பண்ணிலே அமைந்த ஒரு பதிகமாயினும் போதும். நம் ஊர்ப் பதிகத்தின் புறநீர்மையிலிருந்து தொடங்குவது திருகோணமலை மாணவர்க்குப் பொருத்தம் என்பது என் எண்ணம்.